சப்பாத்துக் காவல்

தூத்துக்குடி
12 பிப்ரவரி 2024

சிம்ஹா பாப்பாவுக்கு அய்யாக்குட்டி சொல்ல, செல்லத்தாய் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதச் சொன்னேன். “என் மூட்டுவலிய எழுதாண்டாமா?” என்று செல்லத்தாய் கேட்கிறாள். எழுதிக்கொள்ளட்டும். பேனா அவள் கையில்தானே இருக்கு. அறிவொளி வகுப்புக்கு ஊரே போனபோது, மறந்து போறவனுக்குத்தான் எழுத்து, எனக்கெதுக்கு என்று இருந்துவிட்டேன். இவள் போனாள். இப்போது நான் சொல்வதில் தனக்குப் பிடிக்காததை விட்டுவிட்டு எழுதுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. போனில் பேசினால் உனக்குக் காது கேட்கவில்லை என்கிறாய். அதனால் இந்தத் தாளை உமாராணி படம் பிடித்து அனுப்புவாள்.

பொங்கலுக்கு முன்னால் நீ ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, எங்கள் மகள் உமாராணியோடு உப்பளத்துக்குப் போய் நின்றாயே, அதை அங்கே உள்ள பெண்கள் இன்னும் பேசுகிறார்கள். மார்கழி வெள்ளத்தில் பாத்தியெல்லாம் சேறாகி, அதை அள்ளிக்கொண்டிருந்த சமயம். நீ நீட்டின தண்ணீர் பாட்டிலை உமா வாங்கி உதட்டை மட்டும் நனைத்துவிட்டுத் திருப்பித் தந்தாள். ஏன் என்று கேட்டாய். “குடிச்சா எங்க போக?” என்றாள். கண்ணுக்கெட்டின மட்டும் வரப்பும் வெயிலும்தான், மறைவுக்கு ஒரு பனைமரம் கிடையாது. நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவள். தண்ணி நிறைய குடி என்று டாக்டர் சொன்னார். எங்கே போவது என்று அவரும் சொல்லவில்லை.

நீ ஊருக்குப் போனதும் மறக்காமல் எழுதியிருக்கிறாய். யூதப் பெண்கள் சேர்ந்து சிறு நிதி ஒன்று நடத்துகிறீர்கள், உங்களில் ஒருத்தி முன்னின்று செய்யும் ஊர் வேலைக்கும் நியாயத்துக்கான வேலைக்கும் வருஷா வருஷம் கொடுப்பீர்கள், இந்த வருஷம் உப்பளத்துப் பெண்களுக்காக நீயே கேட்கப் போகிறாய் என்று. நல்ல காரியம்.

அளத்து முதலாளி செந்தூர்வேல் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். கழிப்பறை கட்ட ஒரு மூலை தருகிறாராம். பக்கத்தில் நிழலுக்கு ஒரு ரூமும் வேணும் என்றேன். “உட்கார இடம் குடுத்தா உட்கார்ந்துருவாளுவ வே” என்றார். பின்னே உட்காரத்தானே கேட்கிறோம் என்றேன். அதுக்கு மேல் டீ வரவில்லை.

அய்யாக்குட்டி

---

மெல்போர்ன்
25 பிப்ரவரி 2024

அன்புள்ள அய்யாக்குட்டி அண்ணாச்சிக்கும் செல்லத்தாய் மதினிக்கும்,

மதினியின் கையெழுத்து நான் படித்த கான்வென்ட் சிஸ்டர்களுடையதைவிட அழகு. என் தமிழ்தான் துருப்பிடித்துவிட்டது. பிழை இருந்தால் சிரித்துக்கொண்டே திருத்துங்கள்.

எங்கள் கூட்டம் முடிந்தது. பெரிய அலுவலகம் என்று நினைத்துவிடாதீர்கள். யாராவது ஒருத்தி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், தேங்காய் பிஸ்கட்டுக்கு நடுவில் நடப்பது. போன வருஷம் அகதித் தாய்மார்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஒருத்திக்குக் கொடுத்தோம். அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்கள் தங்கும் இடத்தில் சமையலறை போட இன்னொருத்திக்கு. எல்லாம் சின்னச் சின்ன உதவி. ஆனால் கேள்விகள் சின்னதாக இருக்காது.

உமா உதட்டை நனைத்ததைச் சொன்னபோது எல்லோரும் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது நவோமி பேசினாள். எங்களில் மூத்தவள், தையல் ஆலையில் சங்கம் வைத்து நடத்தியவள். “கழிப்பறை நல்லதுதான். யார் வேண்டுமானாலும் கட்டலாம். இதில் உன் அம்மாவுடையது என்ன இருக்கிறது?” என்று கேட்டாள்.

எங்கள் நிதியின் வழக்கம் அது. கேட்கிறவள் தன் வீட்டிலிருந்து, தன் பெண்களிடமிருந்து கற்ற ஏதாவது ஒன்று அந்த வேலையில் இருக்க வேண்டும். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அண்ணாச்சி. தூத்துக்குடியை விட்டபோது நான் சின்னப் பெண். இங்கே வந்த பிறகு அம்மா அதிகம் பேசவில்லை, சீக்கிரமே போய்விட்டாள். அப்பாவோ துறைமுகம், கப்பல் தவிர வேறு பேசமாட்டார். பாஸ்கா பண்டிகைக்கு முன்னால் பதில் சொல்லாவிட்டால் இந்த முறை நிதி வேறொருத்திக்குப் போய்விடும்.

நீங்கள் எதையும் மறக்காதவர். எங்கள் வீட்டில் நீங்கள் பார்த்ததை எனக்குச் சொல்லுங்கள்.

சிம்ஹா

---

தூத்துக்குடி
10 மார்ச் 2024

பாப்பாவுக்கு,

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். செல்லத்தாய் கை வலிக்கிறது என்றால் நான் பொறுப்பில்லை.

பழைய துறைமுகத்துக்குப் பின்னால் உங்கள் வீடு. உன் அப்பா கொச்சியிலிருந்து வந்தவர், கப்பல் சரக்கை இறக்கிவிடுகிற ஏஜெண்ட். எலியா என்று பேர். நாங்கள் மூட்டை தூக்குகிறவர்கள் மறைவில் ‘எலி சார்’ என்போம். மரியாதைக்குக் குறைவு இல்லை, பேர் நீளமாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கு அப்போது கல்யாணமான புதுசு. தோளில் புண். உன் அப்பா என்னைப் பார்த்துவிட்டு, மூட்டை வேண்டாம், தினம் வீட்டு வேலைக்கு வா என்றார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது உன் அம்மா கண்ணாடிக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தொங்கவிடுவார்கள். ரெண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். நீ அவர்கள் சேலைக்குள் நுழைந்து எட்டிப் பார்ப்பாய்.

மறுநாள் சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை நான் வந்து, என்ன வேலைம்மா என்றேன். உன் அம்மா பேச்சு பாதி மலையாளம். “இன்னைக்கு சபாத்து” என்றார்கள். எனக்குப் புரியவில்லை. வாசலில் கைவண்டியோடு பர்னபாஸ் நின்றான், கடற்கரைத் தெருக்காரன். அவனிடம் போய், ஏலே சப்பாத்துன்னா என்னதுலே என்றேன். “சப்பாத்துன்னா ஷூலே. எங்க தாத்தா பாட்டி இப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க. பறங்கிக்காரன் விட்டுட்டுப் போன பேச்சு” என்றான். சரிதான், இது ஷூ துடைக்கிற நாள் போலிருக்கு என்று உள்ளே போய், உன் அப்பா ஷூ, உன் அம்மா செருப்பு, உன்னுடைய சிவப்பு ஷூ எல்லாவற்றையும் முற்றத்தில் அடுக்கிப் பாலீஷ் டப்பாவைத் திறந்துவிட்டேன்.

உன் அம்மா பதறி ஓடி வந்தார்கள். பிரஷைக் கையிலிருந்து பிடுங்கி, “வேண்டா, வேண்டா. இவிடெ இரி” என்று முற்றத்தைக் காட்டினார்கள். இரி என்றால் உட்கார். சரி, துடைக்க வேண்டாம், வெயிலில் காயப்போட்டுக் காவல் இருக்கச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குச் சப்பாத்துக் காவல். நீங்கள் ஊரைக் காலி பண்ணும் வரைக்கும் அதுதான் உத்தியோகம். வெயில் நகர நகர ஷூவையும் நகர்த்துவேன். ஒருதரம் நாய் ஒன்று உன் அப்பா ஷூவைக் கவ்விக்கொண்டு கடற்கரைக்கே ஓடிவிட்டது. விரட்டிப் பிடித்துக் கொண்டுவந்தேன். உன் அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மத்தியானம் சோறு, அதோடு ராத்திரியெல்லாம் கணப்புச் சாம்பலில் கிடந்து தவிட்டு நிறமான முட்டை. வானத்தில் வெள்ளி முளைத்ததும் வெளியே வந்து, கிராம்பு போட்ட டப்பா ஒன்றை மூக்குக்கிட்டே நீட்டுவார்கள். மோந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன். சம்பளத்தோடு வாசனையும் கொடுத்த வீடு உங்கள் வீடு.

துறைமுகத்தில் எவனுக்கும் அந்த மாதிரி நம்பிக்கையான வேலை கிடைக்கவில்லை. இது உனக்கு எதற்கு உதவுமோ தெரியாது.

அய்யாக்குட்டி

(மதினி எழுதுவது: இந்தக் கதையை என் கல்யாணத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாய் முதலில் சின்னதாகத்தான் இருந்தது.)

---

மெல்போர்ன்
16 மார்ச் 2024

அண்ணாச்சி,

படித்துவிட்டுச் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். பிறகு மறுபடி சிரித்தேன்.

அம்மா சொன்னது சப்பாத்து இல்லை, சபாத். எங்களுக்கு ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தது முதல் சனிக்கிழமை வானத்தில் நட்சத்திரம் முளைக்கிற வரை வேலை செய்யக் கூடாது. அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. எழுதக்கூட மாட்டார்கள். நாள் முடிந்தது என்பதற்குத்தான் அந்தக் கிராம்பு வாசனை. நாங்கள் மட்டும் இல்லை, எங்கள் வீட்டில் வேலை செய்கிறவரும் இளைப்பாற வேண்டும், மாடும் இளைப்பாற வேண்டும் என்று எங்கள் வேதத்தில் இருக்கிறது. அதனால்தான் பிரஷைப் பிடுங்கியிருக்கிறாள்.

இன்று வேலை இல்லை, போ என்று சொல்லியிருந்தால் நீங்கள் நேரே துறைமுகத்துக்குப் போய் மூட்டை தூக்கியிருப்பீர்கள். அது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். நீங்களாகவே ஷூவுக்குக் காவல் என்று புரிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். காவல் காக்க அந்த முற்றத்தில் ஒன்றும் இல்லை, அண்ணாச்சி.

நவோமிக்கு என்ன பதில் சொல்வது என்று இப்போது எனக்குத் தெரியும். உங்கள் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதிப் படித்துக் காட்டலாமா? நீங்கள் சரி என்றால்தான்.

சிம்ஹா

---

தூத்துக்குடி
2 ஏப்ரல் 2024

சிம்ஹாவுக்கு,

பதில் எழுதத் தாமதம். எழுத மனசு இல்லை.

காவல் காக்க ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதைச் செல்லத்தாய் படித்துக் காட்டிவிட்டு அரை நாள் சிரித்தாள். என் பேரன் பேத்திக்கெல்லாம் சொன்ன கதை அது. டீக்கடையில் சொன்னது, சம்பந்தி வீட்டில் சொன்னது. உழைக்காமல் உட்கார்ந்து தின்றவன் என்று இத்தனை வயதுக்கு மேல் தெரிய வேண்டியிருக்கிறது. உன் அம்மா தர்மம் கொடுத்ததாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வேண்டாம் தாயி என்று அன்றைக்கே எழுந்து போயிருப்பேன். சொல்லாமல் விட்டார்களே.

பர்னபாஸ் உயிரோடு இருந்தால் அவனிடம் ரெண்டு கேள்வி கேட்டிருப்பேன். கல்லறையில் இருக்கிறான், தப்பித்துக்கொண்டான்.

படித்துக் காட்டுவதானால் காட்டிக்கொள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அளத்து விஷயம்: கழிப்பறை மட்டும்தான், ரூம் கிடையாது என்று செந்தூர்வேல் அண்ணாச்சி முடிவாகச் சொல்லிவிட்டார். உங்கள் பெண்களிடம் சொல்லிவிடு.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த வருஷத்தில்தான் என் தோள் புண் ஆறியது. இதைச் செல்லத்தாய்தான் சொல்லச் சொன்னாள். நானாகச் சொல்லவில்லை.

அய்யாக்குட்டி

(மதினி எழுதுவது: அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார், கண்டுகொள்ளாதீர்கள். கழிப்பறை மட்டும் வந்தால் பிரயோஜனம் இல்லை. வேலைக்கு நடுவில் ஒருத்தி போனால், எங்க போன, எவ்வளவு நேரம் என்று கணக்கப்பிள்ளை வரப்பில் நின்று கத்துவான். அதுக்குப் பயந்தே யாரும் தண்ணி குடிக்கமாட்டார்கள். நானும் அங்கே வேலை பார்த்தவள்தான். எல்லோரும் சேர்ந்து போய் உட்கார ஒரு இடம் இருந்தால்தான் தொண்டை நனையும். உங்கள் கடிதத்தை அளத்துப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். உமாவோடு வேலை பார்க்கிற எமில்டா, “எங்களுக்கும் அந்தச் சப்பாத்துக் காவல் வேலைய வாங்கிக் குடுங்கக்கா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை, எதையோ யோசித்துக்கொண்டு இருக்கிறார்.)

---

மெல்போர்ன்
18 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணாச்சி,

யாரும் சிரிக்கவில்லை. நாய் வந்த இடத்தில் மட்டும் சிரித்தார்கள்.

படித்து முடித்ததும் நவோமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “கொடுத்துவிடுங்கள்” என்றாள். அவ்வளவுதான் பேசினாள். நிதி கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை, அதை நானே போட்டேன்: உட்கார இடம் இல்லாமல் கழிப்பறை மட்டும் என்றால் பணம் வராது. மதினி எழுதியதையும் படித்துக் காட்டினேன். எப்படி இருக்க வேண்டும் என்று அளத்துப் பெண்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள்.

இனி உங்களுக்கு. அம்மா தர்மம் செய்தாள் என்று நான் எழுதவில்லை. நன்றாக யோசித்துப் பாருங்கள். அவள் வீட்டில் அந்த நாளில் நீங்கள் ஒரு குடம் தூக்கியிருந்தாலும் அவளுடைய சபாத் உடைந்திருக்கும். நீங்கள் உட்கார்ந்திருந்ததால்தான் அது முழுசாக இருந்தது. கொச்சியை விட்டு, சொந்த ஜனம் ஒருவரும் இல்லாத ஊருக்கு வந்தவள் அவள். அவளோடு சேர்ந்து அந்த நாளைக் காத்த ஆள் நீங்கள் ஒருவர்தான். காவல் காக்க ஒன்றும் இல்லை என்று எழுதியது என் தப்பு. இருந்தது. ஷூ மட்டும் இல்லை.

முதலாளியை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு அளத்தில் கேட்கலாமா?

சிம்ஹா

---

தூத்துக்குடி
9 ஜூன் 2024

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைச் செல்லத்தாய் ஒரு தடவை படித்தாள். நான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பிறகு டீக்கடைக்குப் போய்க் கதையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். மாற்றின பிறகு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

வேறு அளம் வேண்டாம். ரூம் கிடைத்துவிட்டது. எப்படி என்று கேள்.

செந்தூர்வேல் அண்ணாச்சி அளத்துப் பெண்களுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கொடுக்காவிட்டால் அதிகாரிகள் கேட்பார்கள். அந்த பூட்ஸ்மேல் அவருக்குப் பெற்ற பிள்ளைமேல் இருக்கிற பாசம். மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது கழற்றி வரப்பில் போட்டால் வெயிலில் வெடிக்கும், போன வருஷம் சிலது களவும் போயிற்று. எமில்டா அன்றைக்குச் சொன்னது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போனேன். அண்ணாச்சி, ரூம் பொம்பளைகளுக்கு வேண்டாம், நீங்க சொன்னதுதான் சரி என்றேன். சந்தோஷப்பட்டார், டீ சொன்னார். டீ வந்த பிறகு, பூட்ஸுக்கு ஒரு ரூம் இருந்தால் தேவலை என்றேன். உள்ளே உப்புத் தண்ணி நின்று பூட்ஸும் நாறுது, காலும் புண்ணாகுது. மத்தியானம் கழற்றி நல்ல தண்ணியில் கழுவி, நிழலில் ஆறப்போட்டால் ரெண்டு வருஷம் சேர்த்து உழைக்குமே என்றேன்.

விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். “பூட்ஸுக்குன்னா சரிதான்” என்றார்.

“காயுற வரைக்கும் பொம்பளையள் வெறுங்காலோட பாத்தியில இறங்க முடியாதே அண்ணாச்சி.”

“ஆமா, காலு புண்ணாயிருமே. அங்கனயே இருக்கட்டும்.”

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டீயைக் குடித்து அடக்கினேன். பெண்ணுக்கு இல்லாத ரூம் பூட்ஸுக்குக் கிடைத்தது. செல்லத்தாய்க்கு இதில் கோபம்தான். “எங்க காலைவிட ரப்பர் ஒசத்தியா?” என்கிறாள். இருக்கட்டும், சுவர் எழும்பட்டும் என்றேன்.

பெண்கள் கூடிப் பேசிவிட்டார்கள். கதவு கடல் பக்கம் இருக்க வேண்டும், கணக்கப்பிள்ளை நிற்கிற பக்கம் இருக்கக் கூடாது. உள்ளே நாற்காலி வேண்டாம், காலை நீட்டுகிற மாதிரி தரை வேண்டும். கழிப்பறைக்குள் ஒரு ஆணி அடிக்க வேண்டும், சேலைக்கு மேல் போடுகிற சட்டையை மாட்ட. குடிதண்ணிக்கு மூடி போட்ட தொட்டி. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியாயிற்று.

அய்யாக்குட்டி

---

தூத்துக்குடி
14 செப்டம்பர் 2024

பாப்பாவுக்கு,

திறந்தாயிற்று. மேளமும் கிடையாது, ரிப்பனும் கிடையாது. எமில்டா பாயசம் கொண்டுவந்தாள், உமாராணி சுண்டல். பெயர்ப் பலகை வேண்டாம் என்று உங்கள் பெண்கள் சொல்லிவிட்டார்கள். செந்தூர்வேல் அண்ணாச்சிக்கு அவர் அப்பா பேரைப் போட ஆசை. பூட்ஸ் ரூமுக்கு உங்க அப்பா பேரா அண்ணாச்சி என்று நான் கேட்டதும் விட்டுவிட்டார். ஆனால் சுவர் சும்மா இருந்தால் பெண்களுக்குப் பொறுக்குமா? நீலப் பெயிண்டில் ‘சப்பாத்து’ என்று எழுதிவிட்டார்கள். எழுதினது செல்லத்தாய். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, சரியாத்தான் போட்டிருக்கீய, பூட்ஸுக்கு அதுதானே தமிழ் என்றார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இப்போது முறை இதுதான். மத்தியானம் எல்லோரும் ஒன்றாக வரப்பைவிட்டு ஏறுவார்கள். பூட்ஸைக் கழற்றிக் கழுவி வெளியில் நிழலுக்குச் சாய்த்து வைப்பார்கள். உள்ளே போய்க் காலை நீட்டிவிட்டால், பூட்ஸ் காயுற வரை யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. கணக்கப்பிள்ளை முதல் நாள் வாசல் வரை வந்தான். வெளியில் உட்கார்ந்திருந்தவர், காயலை, போ என்று சொல்லிவிட்டார். போய்விட்டான்.

வெளியில் உட்கார்ந்திருந்தவர் யார் என்று கேட்கிறாயா? பெண்கள் என் வீட்டுக்கே வந்து, அனுபவம் உள்ள ஆள் வேணும் என்று கூப்பிட்டார்கள். எழுபத்தைந்து வயதுக்கு மேல் பழைய உத்தியோகத்தில் மறுபடி சேர்ந்திருக்கிறேன். காய்ந்ததா இல்லையா என்று தொட்டுப் பார்த்துச் சொல்லுகிற அதிகாரம் எனக்குத்தான். என் விரலுக்கு எந்த பூட்ஸும் சீக்கிரம் காய்வதில்லை.

உமாராணியைப் பற்றி எழுத வேண்டும். முதல் நாள் உள்ளே போனவள் தொட்டியிலிருந்து ஒரு செம்பு மொண்டு, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். கழுத்து ஏறி இறங்குவதை வாசலிலிருந்து பார்த்தேன். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொன்று மொண்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து மொள்ள ஆரம்பித்தார்கள். நவோமி அம்மாவுக்கு அதைச் சொல். கிராம்பு டப்பா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வேலை முடிந்து ஏறுகிறவர்கள் மூக்குக்கிட்டே நீட்டுகிறேன். எதுக்கு தாத்தா என்கிறார்கள். சம்பளம் என்கிறேன்.

இன்றைக்கு நிஜமாகவே சனிக்கிழமை. செல்லத்தாய் எங்களோடு அளத்துக்கு வந்து, உள்ளே பெண்களோடு சுவரில் சாய்ந்துகொண்டு இதை எழுதுகிறாள். நான் வாசலிலிருந்து சொல்கிறேன். உமா தூங்குகிறாள். காக்கை ஒன்று எமில்டாவின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று நினைவு வந்தது, அந்தச் சிவப்பு ஷூ

(மதினி எழுதுவது: சபாத் நாளில் எழுதுவதும் வேலைதான் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். பேனாவை மூடிவிட்டேன். அவர் இன்னும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்.)